யூனிப் எப்போது செத்தது? ஜாம்பியாவை 27 வருடம் ஆண்ட கட்சி பற்றி ஒரு இழை

நடுநிசி வாசகன்

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கணக்கு ஒன்று. 1988-ல் ஜாம்பியாவில் அதிபர் தேர்தல். நின்றவர் கென்னத் கவுண்டா ஒருவர்தான். சீட்டில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டே தெரிவு. 95 விழுக்காட்டுக்கும் மேல் 'வேண்டும்' என்று குத்தினார்கள். மூன்றே வருடம் கழித்து, 1991 அக்டோபர் 31 அன்று, எதிரே ஓர் ஆள் நின்றார். கவுண்டாவுக்கு விழுந்தது 24 விழுக்காடு. 150 தொகுதிகளில் அவருடைய யூனிப், அதாவது ஐக்கிய தேசிய சுதந்திரக் கட்சி, ஜெயித்தது 25.

சரி, தோற்காத கட்சி உண்டா என்று விடலாம். ஆனால் அது எழுந்திருக்கவே இல்லை. 2001-ல் 13 இடம். 2021 அதிபர் தேர்தலில் யூனிப் வேட்பாளருக்கு 0.1 விழுக்காடு வாக்குகூட வரவில்லை. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி, கிராமம் கிராமமாகக் கிளை வைத்திருந்த கட்சி, இப்படி ஆவியாகப் போகுமா?

என் வாதம் என்னவென்றால், யூனிப் 1991-ல் சாகவில்லை. 1973-லேயே செத்துவிட்டது, பிணத்தை எடுக்க 18 வருடம் ஆயிற்று. 1959-ல் உருவானபோது அது நிஜமான மக்கள் கட்சி. வெள்ளைக்கார அரசு கவுண்டாவைச் சிறையில் வைத்திருந்தது. 1960 ஜனவரியில் வெளியே வந்து தலைமை ஏற்றார். 'க்வாச்சா' என்றால் விடியல். அதைத்தான் கூட்டம் கூட்டமாகக் கத்தினார்கள். 1964 அக்டோபர் 24 அன்று விடிந்தது. பிறகு அந்தச் சொல்லையே நாணயத்துக்குப் பெயராக வைத்தார்கள்.

1968 தேர்தலில் யூனிப்புக்கு 81 இடம், எதிர்க்கட்சித் தலைவர் நிகும்புலாவின் கட்சிக்கு 23. தெற்கு மாகாணம் அவர் கையை விட்டுப் போகவே இல்லை. அந்த 23 கண்ணை உறுத்தியது. 1971-ல் கவுண்டாவின் பால்ய நண்பர் சைமன் கப்வெப்வே பிரிந்துபோய்த் தனிக்கட்சி தொடங்கினார். அது செம்புச் சுரங்கப் பகுதியில் கை வைத்தது. ஆறே மாதத்தில் அந்தக் கட்சிக்குத் தடை, கப்வெப்வேக்குச் சிறை. 1972 டிசம்பரில் ஒரே கட்சிதான் என்று சட்டம். 1973-ல் நிகும்புலாவும் யூனிப்பில் சேர்ந்தார். அந்த வருட அதிபர் தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர்கூட இல்லை. 1968-ல் எண்பதுக்கு மேல் வந்த ஜனம் இது. எனக்கு இந்த ஓர் எண்ணே போதும்.

சும்மா ஒருத்தன்

கவுண்டா என்றதும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். வந்ததுதான் வந்தாச்சு, உட்கார்ந்து படிக்கிறேன். தொடருங்கள்.

கணக்கர் சேது

நடுநிசி தம்பி, சட்டத்தையும் மாநாட்டையும் வைத்து அரசியல் எழுதுகிறீர்கள். நான் வரவு செலவு பார்க்கிறவன்.

அன்றைய ஜாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் செம்பு. ஒரே கடை, ஒரே சரக்கு. அறுபதுகளில் நல்ல விலை. அந்தக் காசில்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம். சுதந்திரத்தின்போது நாடு முழுக்கப் பட்டதாரிகள் நூறு சொச்சம் பேர் என்பார்கள். 1966-ல் சொந்தமாகப் பல்கலைக்கழகம் திறந்துவிட்டார்கள். அதற்குக் கிராமத்து ஜனங்கள் கோழியும் சோளமும்கூட நன்கொடை கொடுத்தார்கள். செத்த கட்சி செய்கிற வேலையா இது? 1969-ல் சுரங்கங்களில் 51 விழுக்காடு பங்கு அரசுக்கு என்று அறிவித்தபோது ஊரே கொண்டாடியது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். கடல் இல்லாத நாடு. செம்பு வெளியே போவதும் பெட்ரோல் உள்ளே வருவதும் தெற்கே ரொடீசியா வழியாக. அங்கே 1965-ல் இயான் ஸ்மித்தின் வெள்ளையர் ஆட்சி தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. 1973 ஜனவரியில் அந்த எல்லையே மூடியது. அதே வருடக் கடைசியில் எண்ணெய் விலை எகிறியது. 1974-ல் உச்சியில் இருந்த செம்பு விலை அடுத்த வருடம் பாதிக்கும் கீழே போனது. சீனாக்காரன் தார் எஸ் சலாம் துறைமுகத்தில் இருந்து கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டுக் கொடுத்தான், கைக்கு வந்தது 1976-ல். இதற்கு நடுவே தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கமான ஏ.என்.சி.யின் தலைமையகம் தலைநகர் லுசாகாவில். ஜிம்பாப்வே, நமீபியா போராளிகளும் அங்கேதான். ரொடீசிய விமானங்கள் 1978-ல் லுசாகா வரை வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின.

இத்தனை அடி வாங்கினால் எந்தக் கட்சி நிற்கும்? கவுண்டா செய்த தப்பு ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். நாளைக்குச் செம்பு விலை ஏறும் என்று நம்பி இன்றைக்குக் கடன் வாங்கினார். ஏறவில்லை. மறுபடி வாங்கினார். அடகுக்கடைக்கு நடந்து பழகிய கால் நிற்காது.

கிட்வே பொடியன்

இந்தக் களத்தில் ஏழு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுத வைத்துவிட்டீர்கள்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். எழுபதுகளின் கடைசியில் ஜாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போனார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வாத்தியாராக, கணக்காளராக நிறையப் பேர் அங்கே போனார்கள். நாங்கள் இருந்தது கிட்வே, சுரங்க நகரம். நான் வளர்ந்தது அங்கேதான்.

1986 டிசம்பர். பள்ளி விடுமுறை. எனக்குப் பத்து வயது.

அங்கே சோறு என்றால் ன்ஷிமா. வெள்ளைச் சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறிக் கட்டியாக எடுப்பது, களி மாதிரி. கையால் பிடித்து, நடுவில் பெருவிரலால் குழி வைத்துக் கறியை அள்ள வேண்டும். தொட்டுக்கொள்ள கபெந்தா என்று ஏரி மீன் கருவாடு, எங்கள் நெத்தலியேதான். அம்மா அதை மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள்.

மாவில் இரண்டு வகை. 'பிரேக்ஃபாஸ்ட்' என்பது நைசானது, விலை கூட. 'ரோலர்' கொரகொரப்பானது, விலை குறைவு, ஏழைகளுக்கு. உலக வங்கி, ஐ.எம்.எஃப். நெருக்கியதில் பிரேக்ஃபாஸ்ட்டுக்கு இருந்த மானியத்தை எடுத்தார்கள். விலை ஒரே நாளில் இரட்டிப்புக்கு மேல். ரோலர் விலை கூடாது என்று அரசு சொன்னது. ஆனால் அந்த நட்டத்தை அரசு ஈடுகட்டும் என்று மில்காரர்களுக்கு நம்பிக்கை இல்லை. ரோலர் அரைப்பதையே விட்டுவிட்டார்கள். கடையில் இருந்தது வாங்க முடியாத மாவு. வாங்க முடிந்த மாவு கடையில் இல்லை.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்தது, எங்கள் தோட்டத்தில் வேலை செய்த மனிதர் காலை இருட்டோடு போய் வரிசையில் நின்றுவிட்டு, மத்தியானம் வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்ததை. பேசவில்லை. குழாயடியில் முகம் கழுவிவிட்டுப் பாத்திகட்டப் போய்விட்டார். பின்னேரம் நகரத்துப் பக்கம் புகை. இரவு ஊரடங்கு. அப்பா லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தார். செம்புப் பகுதி நகரங்களில் 15 பேர் செத்தார்கள். கவுண்டா விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றார், மில்களையும் அரசுடைமை ஆக்கினார். மாவு வந்தது. வரிசை போகவில்லை.

இன்னொன்று. சந்தைக்குப் போனால் யூனிப் வாலிபர் அணி வாசலில் நின்று கட்சி அட்டை கேட்கும். அட்டை இல்லாவிட்டால் உள்ளே விடாத நாட்களும் உண்டு. அம்மாவை வெளிநாட்டுக்காரி என்று விட்டுவிடுவார்கள். முன்னால் கூடையோடு வந்த பெண் சட்டைக்குள் துணி முடிச்சை அவிழ்த்து அட்டையைத் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 'யூனிப்பில் இருந்தால் ஆதாயம்' என்பது அவர்களுடைய சுலோகமே. சேது ஐயா, செம்பு விலை விழுந்தது கட்சியின் பிழை இல்லைதான். தக்காளி விற்கிறவளிடம் அட்டை கேட்டது யார் பிழை?

சும்மா ஒருத்தன்

இதுக்கு மேல நான் ஜோக் அடிக்கல.

சிகப்புத்துண்டு

பொடியன் தம்பிக்கு வணக்கம். நாற்பது வருடம் சங்க வேலை பார்த்தவன் என்ற முறையில் நீங்கள் எல்லாரும் தாண்டிப்போன ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

ஒரே கட்சி ஆட்சியில் கட்சி போகாத இடமே இல்லை என்றுதானே நினைக்கிறோம்? ஒரு இடத்தில் அதனால் நுழைய முடியவில்லை. சுரங்கத் தொழிலாளர் சங்கம். கிளை, சந்தா, மாதக் கூட்டம், தேர்தல் எல்லாம் சுத்தமாக நடந்த அமைப்பு. தலைமை அரசுக்கு வளைந்தாலும் அடிமட்டம் வளையாது. 1980-ல் உள்ளாட்சி நிர்வாகத்தையும் கட்சியையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். சுரங்கக் குடியிருப்புகளின் வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியிடம் இருந்து கட்சி ஆட்கள் நடத்தும் கவுன்சிலுக்குப் போகும் நிலை. தொழிலாளி கொதித்தான். சங்கத் தலைவர்கள் எதிர்த்தார்கள். 1981 ஜனவரியில் 17 பேரைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். சுரங்கங்கள் நின்றன. நீக்கியவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டி வந்தது. ஜூலையில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆள் யார் தெரியுமா? ஃபிரெடரிக் சிலுபா. பத்து வருடம் கழித்துக் கவுண்டாவைத் தோற்கடித்தவர்.

1990 ஜூனில் மாவு விலை மறுபடி ஏறியது. லுசாகாவில் கலவரம், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மாதக் கடைசியில் விடியற்காலை லெப்டினன்ட் லுச்செம்பே என்ற ராணுவக்காரர் வானொலி நிலையத்துக்குள் புகுந்து, கவுண்டா ஆட்சி கவிழ்ந்தது என்று அறிவித்தார். சில மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் ஜனம் தெருவில் இறங்கி ஆடியது. அதைக் கவுண்டா பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த மாதமே லுசாகாவில் கார்டன் ஹவுஸ் என்ற விடுதியில் கூடி, பல கட்சி ஜனநாயக இயக்கம், எம்.எம்.டி., தொடங்கியாயிற்று. வக்கீல், வியாபாரி, பேராசிரியர் எல்லாம் வந்தார்கள். ஊருக்கு ஊர் ஆள் வைத்திருந்தது சங்கம்தான். சின்னம் கடிகாரம், கோஷம் 'நேரம் வந்துவிட்டது'.

கணக்கர் சேது

பொடியன், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மாவு விஷயத்தில் ஒன்று. அந்த அரசுக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. விவசாயிக்கு நல்ல விலை கொடுக்க வேண்டும், நகரத்தானுக்குச் சல்லிசாக மாவு கொடுக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைக் கஜானா நிரப்ப வேண்டும். கஜானாவில் செம்பு இருந்தவரை முடிந்தது. 1987 மே மாதம் ஐ.எம்.எஃப். உறவையே அறுத்துப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. 1989-ல் மாவுக்குக் கூப்பன் கொடுத்தார்கள். நான் சொல்வது, எந்தக் கட்சி இருந்திருந்தாலும் அந்த மூட்டை அதன் தலையில்தான் விழுந்திருக்கும்.

மங்கை

நல்ல இழை. ஆனால் ஆண்கள் மூன்று பேரும் யூனிப் ஏன் தோற்றது என்றுதான் எழுதுகிறீர்கள். நடுநிசி கேட்டது அது இல்லையே? தோற்ற கட்சி ஏன் எழவில்லை என்பதுதானே கேள்வி.

பக்கத்தில் மலாவியைப் பாருங்கள். ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் மலாவி காங்கிரஸ் கட்சி. கவுண்டாவை விடப் பத்து மடங்கு இரும்புப்பிடி. 1994-ல் தோற்றது. செத்ததா? இல்லை. நாட்டின் மத்தியப் பகுதியை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தேர்தலிலும் நின்றது, தோற்றது, நின்றது. 26 வருடம் கழித்து 2020-ல் சக்வேரா தலைமையில் ஆட்சிக்கே வந்தது. 2025-ல் மறுபடி தோற்றது, அது வேறு கதை. இன்றும் அங்கே பெரிய கட்சிதான்.

யூனிப்புக்கும் அப்படி ஒரு கோட்டை இருந்தது. 1991-ல் ஜெயித்த 25 தொகுதிகளில் 19 கிழக்கு மாகாணத்தில். அந்த மாகாணத்தில் ஒரு தொகுதிகூட எம்.எம்.டி.க்குப் போகவில்லை! இதை வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்திருக்கலாம்.

1996-ல் சிலுபா அரசமைப்பில் ஒரு விதி சேர்த்தார்: அதிபர் வேட்பாளரின் தாய், தகப்பன் இருவரும் பிறப்பாலோ வம்சாவழியாலோ ஜாம்பியர்களாக இருக்க வேண்டும். கவுண்டாவின் பெற்றோர் மலாவியில் இருந்து வந்தவர்கள். ஆளைக் குறிவைத்துத் தைத்த சட்டை. கயமைதான். அதற்கு யூனிப் என்ன செய்தது? தேர்தலையே புறக்கணித்தது. தலைவர் நிற்க முடியாது என்றால் கட்சியும் நிற்காதாம். அந்த 25 இடமும் போச்சு. கிராமத்தில் வேலை செய்கிறவன் அஞ்சு வருடம் யாருக்காகக் கொடி பிடிப்பான்? அவனவன் வழியைப் பார்த்துப் போனான். என் கணக்கில் சாவு நாள் 1996 நவம்பர். கொன்றது சிலுபா பாதி, யூனிப் பாதி.

நடுநிசி வாசகன்

மங்கை அக்கா, புறக்கணிப்பு பற்றிச் சொன்னது சரி. அந்த இடத்தை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

ஆனாலும் கேட்கிறேன். கவுண்டா இல்லாமல் நிற்கலாம் என்று அந்தக் கட்சிக்குத் தோன்றாமல் போனது ஏன்? 1978-ல் பழைய எதிரிகளான நிகும்புலாவும் கப்வெப்வேயும் யூனிப் உறுப்பினர்களாகவே அதிபர் வேட்பாளர் பதவிக்குப் போட்டியிட வந்தார்கள். கட்சிக்குள்ளேதான், சட்டப்படிதான். முலுங்குஷி மாநாட்டில் உட்கார்ந்து கட்சி விதியைத் திருத்தி இருவரையும் வெளியே தள்ளினார்கள். 1996-ல் சிலுபா அரசமைப்பை வைத்துச் செய்ததை 1978-ல் கவுண்டா கட்சி விதியை வைத்துச் செய்திருக்கிறார். அன்றைக்கே இரண்டாவது தலைவர் என்ற பேச்சு முடிந்தது.

இன்னொரு கூத்து. அங்கே கட்சியின் பொதுச்செயலாளர் பிரதமருக்கு மேலே. மத்தியக் குழு உறுப்பினர் அமைச்சருக்கு மேலே. அரசுச் சம்பளம், அரசுக் கார். ஆட்சி போன மறுநாள் இவர்களுக்குப் போக ஆபீஸ் இல்லை. சந்தா வாங்கிக் கட்சி நடத்திய தலைமுறை 1964-லேயே ஓய்வுபெற்றுவிட்டது.

மங்கை

1978 பற்றி முன்பு தெரியாது. நல்ல அடி. ஆனால் மலாவியில் பண்டா தன்னை ஆயுட்கால அதிபர் என்றே அறிவித்துக்கொண்டவர். அங்கேயும் இரண்டாவது தலைவர் கிடையாது. கட்சி பிழைத்ததே? அதனால் நான் 1996-ஐ விட்டு நகர மாட்டேன்.

சும்மா ஒருத்தன்

ஒரு சந்தேகம். ஜெயித்தார்களே அந்தக் கடிகாரக் கட்சி, அவர்களாவது நல்லா இருந்தார்களா?

மங்கை

அங்கேதான் பழைய குருடி கதவைத் திறடி. சிலுபா 1991-ல் நெருக்கடி நிலையை நீக்கினார், 1993-ல் யூனிப் சதி செய்கிறது என்று அவரே மறுபடி கொண்டு வந்தார், சில வாரம். 2001-ல் மூன்றாவது தடவை நிற்க ஆசைப்பட்டார். சொந்தக் கட்சியே எதிர்த்தது, விட்டுவிட்டார். அவர் கைகாட்டிய லெவி முவானவாசா 29 விழுக்காட்டில் கரையேறினார். கைகாட்டவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர் மைக்கேல் சாட்டா. இவர் யூனிப் காலத்தில் லுசாகா ஆளுநர், பிறகு எம்.எம்.டி. அமைச்சர். தேசபக்த முன்னணி என்று தனிக்கடை போட்டு 2011-ல் எம்.எம்.டி.யைத் தோற்கடித்தார். தோற்றவர் ருபியா பண்டா. அவர் யார்? எழுபதுகளில் கவுண்டாவின் வெளியுறவு அமைச்சர்! கிழக்கு மாகாணத்துக்காரர். யூனிப்பின் அந்தக் கோட்டை அவரோடு எம்.எம்.டி. பக்கம் போயிருந்தது. ஆக 2011-ல் இரண்டு பழைய யூனிப்காரர்கள் வேறு வேறு சட்டை போட்டு மோதினார்கள்.

ஆட்சி போன ஐந்தாவது வருடம் எம்.எம்.டி.க்கு நாடாளுமன்றத்தில் 3 இடம். 2021-ல் தேசபக்த முன்னணியும் ஹிச்சிலேமாவிடம் ஏறக்குறைய பத்து லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த இரண்டு வருடத்தில் கட்சி யாருடையது என்று கோர்ட்டில் நின்றார்கள்.

சிகப்புத்துண்டு

சிலுபா பற்றி நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர் சொல்லி வாங்கிக்கொள்வதை விட. சங்கத்து மேடையில் நின்றவர் ஆட்சிக்கு வந்து சுரங்கங்களைத் துண்டு துண்டாக விற்றார். ஆயிரக்கணக்கில் வேலை போனது. ஜாம்பியா ஏர்வேஸ் 1994-ல் மூடல். அவர் வீட்டில் பிடித்த சட்டைகளும் ஷூக்களும் பத்திரிகையில் படமாக வந்தன. 2007-ல் லண்டன் நீதிமன்றம் மக்கள் பணத்தைத் திருப்பிக் கொடு என்றது. 2009-ல் ஜாம்பிய நீதிமன்றம் குற்றமில்லை என்று விட்டுவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்த நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கணக்கர் சேது

தான்சானியாவை யாரும் தொடவில்லையே. நியரேரே 1985-ல் தாமாகவே அதிபர் நாற்காலியை விட்டார். அதிபருக்குப் பத்து வருடம்தான் என்றும் வைத்தார்கள். அவருடைய கட்சி இன்றுவரை ஆள்கிறது. கவுண்டாவும் 1985-ல் இறங்கியிருந்தால்?

மங்கை

2025 அக்டோபரில் முக்கிய எதிர்க்கட்சியைத் தேர்தலில் சேர்க்கவே இல்லை, அதன் தலைவர் தேசத்துரோக வழக்கில் சிறையில். 97 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு என்று அறிவித்தார்கள். உங்கள் 'ஆள்கிறது' இதுதான், சேது சார். நடுநிசியின் முதல் பத்தியில் இருக்கிற 1988-ஐ ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

நடுநிசி வாசகன்

கவுண்டாவுக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். 1991-ல் பதவிக்காலம் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. ராணுவம், போலீஸ், வானொலி எல்லாம் கையில். முடிவு வந்ததும் ஏற்றுக்கொண்டு இரண்டே நாளில் நாற்காலியைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பரிசாக 1997 கிறிஸ்துமஸ் அன்று கைது. 1999-ல் உயர்நீதிமன்றத்தில் அவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை என்று தீர்ப்பு. 27 வருடம் நாட்டை ஆண்டவர்! அடுத்த வருடம் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது.

பொடியன், 1991-ல் நீங்கள் அங்கே இருந்தீர்களா? தெருவில் எப்படி இருந்தது?

கிட்வே பொடியன்

இல்லை அண்ணா. 1989-ல் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டோம். எந்த நேரம் பார்த்துத் திரும்பினோம் பாருங்கள். அடுத்த வருடம் ஜூனில் சண்டை, யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பேட்டரியும் வராது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் இருந்து வயர் வழியாக ரேடியோ பாடும். சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.

1991 நவம்பரில் சுற்றினது நான். அப்பா பிபிசி கேட்டுக்கொண்டிருந்தார். ஜாம்பியா என்று காதில் விழுந்ததும் கையைக் காட்டினார், வேகமாகச் சுற்று என்று. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அயல்வீட்டுக்காரர் கேட்டார்.

"என்ன மாஸ்டர், ஏதும் விசேஷமே?"

"கவுண்டா தோத்துப்போனார். வீட்டுக்குப் போட்டார்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வேலி ஓலையை விலக்கி முகத்தை உள்ளே நீட்டி, நம்பாத குரலில் கேட்டார்:

"சும்மாவே எழும்பிப் போனவர்?"